இறக்கிவைத்தலின் வரலாறு: பழநி மலைத்தொடரில் சுமையும் கழுத்தும் உடல்தேற்றமும்

ஆய்வுச் சுருக்கம்

கழுத்தெலும்பு இணைப்பு அறுவை மருத்துவத்திற்குப் பின் நோயாளி நெடுநாள் சுமை தூக்காதிருக்க வேண்டும் என்பது மருத்துவ நெறி. அவ்வாறு இருப்பதற்கான ஓய்வு யாருக்கு, எவ்வாறு, யாருடைய உழைப்பால் கிடைக்கிறது என்பது வரலாற்று வினா. இக்கட்டுரை பழநி மலைத்தொடரைக் களமாகக் கொண்டு, சுமை இறக்கலுக்கும் உடல்தேற்றத்திற்குமான மூன்று ஏற்பாடுகளை ஒப்பிடுகிறது. வழியோரச் சுமைதாங்கிக் கல், பழநியின் இடும்பன் தொன்மமும் காவடி வழக்கமும், 1845 முதல் உருவான கோடைக்கானல் மலைவாழிடம் என்பன அவை. 1950-களுக்குப் பின் சென்னையில் நிகழ்ந்த காசநோய் ஆய்வுகள் ஓய்விடம் பற்றிய கருத்தை மாற்றிய விதமும், அம்மாற்றம் தீர்க்காமல் விட்ட கூலி இழப்புச் சிக்கலும் இறுதியில் ஆராயப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: பழநி மலைத்தொடர், கோடைக்கானல், சுமைதாங்கி, காவடி, சுமைகூலி, கழுத்தெலும்பு இணைப்பு, உடல்தேற்றம்.

முன்னுரை

கழுத்தெலும்பு இணைப்பு அறுவை செய்துகொண்டு வீடு திரும்புவோர் கையில் ஓர் அறிவுரைத் தாள் தரப்படுகிறது. எடை தூக்கலாகாது; கழுத்தை வன்மையாகத் திருப்பலாகாது; மேடுபள்ளச் சாலையில் இருசக்கர ஊர்தியில் செல்லலாகாது; புகைபிடித்தலை அறவே நிறுத்த வேண்டும் என அது விதிக்கிறது. இக்கட்டுரையாளரின் தந்தை, பழநி மலைத்தொடரின் வடபுறத்துச் சமவெளியில் உள்ள ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மூட்டை சுமந்தவர். ஐந்தாம், ஆறாம் கழுத்து முள்ளெலும்புகள் இணைக்கப்பெற்று அவர் வீடு திரும்பியபோது, அத்தாளைப் படித்துச் சொல்லும் பொறுப்பு இக்கட்டுரையாளருக்கு வாய்த்தது. முழுவதையும் கேட்ட பின் அவர் கேட்டது ஒன்றே: "மூணு மாசம் சுமை தூக்கக் கூடாதுன்னா, சோத்துக்கு என்ன செய்யணும்னு அதுல எழுதியிருக்கா?"

அவ்வினாவே இவ்வாய்வுக்குத் தூண்டுகோல். மருத்துவ அறிவுரைத் தாள் ஓய்வை நோயாளியின் முடிவாகக் கருதுகிறது. ஆனால் ஓய்வு என்பது ஒருவர் தாமே எடுத்துக்கொள்ளும் பொருளன்று. ஒருவர் இறக்கிவைக்கும் சுமையை மற்றொருவரோ, ஒரு கல்லோ, ஒரு நிறுவனமோ ஏற்றாக வேண்டும். அவ்வாறு ஏற்றவை எவை என்பதைத் தேடுவதற்குப் பழநி மலைத்தொடர் பொருத்தமான களமாகும். நோய் தீர வேண்டிச் சுமை தாங்கி வரும் அடியார்களின் தலம் அதன் அடிவாரத்தில் உள்ளது. நோய் தீர வேண்டிச் சுமந்து கொண்டுவரப்பட்ட வெள்ளையரின் நகரம் அதன் உச்சியில் உள்ளது. இவ்விரண்டையும் ஒருசேர வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. கழுத்தும் எலும்பிணைப்பும்

மனிதக் கழுத்தில் 7 முள்ளெலும்புகள் உள்ளன. தலையை இடவலமாகத் திருப்பும் அசைவில் ஏறத்தாழப் பாதி, மேலுள்ள முதலிரு எலும்புகளுக்கிடையே நிகழ்கிறது. ஆகவே கீழ்ப்பகுதியில் ஓரிணை எலும்புகளை அசைவற்றதாக்கினாலும் நோயாளியால் பெருமளவு கழுத்தைத் திருப்ப இயலும். எலும்புகளுக்கிடையேயான வட்டு தேய்ந்தோ பிதுங்கியோ நரம்பையும் தண்டுவடத்தையும் அழுத்தும்போது, கை மரத்தல், பிடிமானம் குறைதல், நடை தள்ளாடல் முதலியன தோன்றும். அறுவையில் அவ்வட்டு அகற்றப்பட்டு, அவ்விடத்தில் எலும்புத் துண்டோ கூண்டு போன்ற செயற்கைப் பொருளோ வைக்கப்படுகிறது. இரு முள்ளெலும்புகளும் காலப்போக்கில் ஒன்றாக வளர்ந்து கூடுகின்றன. கூடுதலுக்குப் பல மாதங்கள் ஆகும். முன்கழுத்து வழியாக அறுவை செய்யப்பட்டவர்களுக்கு முதல் வாரங்களில் விழுங்குவதில் இடர்ப்பாடும் குரல் கம்மலும் ஏற்படுவதுண்டு.

இவ்வறுவையின் தொடக்கம் கழுத்தோடும் காசநோயோடும் பிணைந்தது. 1891-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பெர்த்தோல்டு ஹாட்ரா, முறிந்த கழுத்து முள்ளெலும்புகளை வெள்ளிக் கம்பியால் கட்டி நிலைநிறுத்தினார். முதுகெலும்புக் காசநோய்க்கும் இம்முறை உதவும் என அவர் கருதினார். 1911-இல் நியூயார்க்கில் ரசல் ஹிப்ஸ், பிரெட் ஆல்பீ ஆகிய இருவரும் தனித்தனியே எலும்பிணைப்பு முறைகளை வெளியிட்டனர். ஆல்பீ நோயாளியின் முழந்தாளுக்குக் கீழுள்ள கணைக்காலெலும்பிலிருந்து துண்டெடுத்து முதுகில் பதித்தார். இன்று பெரிதும் வழங்கும் முன்கழுத்து அறுவையை 1955-இல் பால்டிமோரில் ராபின்சனும் ஸ்மித்தும், 1958-இல் ஹவாயில் குளோவார்டும் அறிவித்தனர். காசநோயால் அரிக்கப்பட்ட முதுகை நிறுத்தப் பிறந்த முறை, அரை நூற்றாண்டுக்குள் தேய்ந்த கழுத்தை நிறுத்தும் முறையாக விரிந்தது எனலாம்.

இங்கு இரு செய்திகள் நம் பொருளுக்கு இன்றியமையாதவை. முதலாவது, தேய்மானத்திற்கும் சுமைக்கும் உள்ள உறவு. கழுத்துத் தேய்மானம் வயதோடு எல்லோருக்கும் வருவது. எனினும் 1994-இல் கானா நாட்டினரைப் பற்றி வெளியான ஆய்வொன்று, தலையில் சுமை தூக்குவோரிடம் அது சுமை தூக்காதோரைவிட மிகுதியாகக் காணப்பட்டதைக் காட்டியது. இரண்டாவது, இணைப்பின் பின்விளைவு. ஓரிணை எலும்புகள் அசைவை இழக்கும்போது அவற்றிற்கு மேலும் கீழும் உள்ள இணைகள் கூடுதல் அசைவையும் விசையையும் ஏற்கின்றன. 1999-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, முன்கழுத்து இணைப்புக்குப் பின் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.9 விழுக்காட்டினருக்கு அண்டையிணையில் புதிய நோய்க்குறிகள் தோன்றுவதைக் கண்டது. இதில் இணைப்பின் பங்கு எவ்வளவு, இயல்பான தேய்மானத்தின் பங்கு எவ்வளவு என்பதில் மருத்துவரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், நின்றுபோன மூட்டின் பணியை அண்டை மூட்டுகள் ஏற்கின்றன என்பது உடலியக்க முறையில் ஒப்புக்கொள்ளப்பட்டதே.

2. சும்மாடும் சுமைதாங்கியும்

சுமை தூக்கும் கழுத்தைக் காக்கத் தமிழ்நிலத்தில் வழங்கிவந்த கருவிகளுள் எளியது சும்மாடு. துணியையோ வைக்கோலையோ வளையமாகச் சுருட்டி உச்சந்தலையில் வைப்பர். அது சுமையின் அழுத்தத்தை ஓரிடத்தில் குவியவிடாமல் பரப்புவதோடு, சுமை ஆடாமலும் காக்கிறது. ஆடும் சுமையைச் சமன்செய்யக் கழுத்துத் தசைகள் ஓயாது இறுக வேண்டியிருக்கும். அவ்விறுக்கத்தைக் குறைப்பதே சும்மாட்டின் பயன்.

சும்மாடு தனியொருவர் கருவி. சுமைதாங்கி ஊர்ப்பொதுக் கருவி. நிலத்தில் நட்ட இரு கற்களின் மேல் கிடையாக ஒரு கல்லை ஏற்றி, ஆளுயர அளவில் இது அமைக்கப்படும். தலைச்சுமையோடு நடப்பவர் குனியாமலே கல்லருகே நின்று சுமையை அதன்மேல் நகர்த்திவிடலாம். மீண்டும் அவ்வாறே தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். சுமைதாங்கியின் நுட்பம் இவ்விடத்தில்தான் உள்ளது. கனத்த தலைச்சுமையைத் தனியொருவரால் தாமே ஏற்றவும் இறக்கவும் இயலாது. ஏற்றிவிட ஒருவர் வேண்டும். ஆளரவமற்ற வழியில் அவ்விரண்டாம் ஆளின் கையாக நிற்பது இக்கல். நிலத்தில் இறக்கிவைத்தால் மீண்டும் தூக்க ஆளின்றித் தவிக்க நேருமாகையால், சுமைதாங்கி இல்லாத வழியில் களைத்தவர் களைப்போடே நடந்தாக வேண்டும்.

கருவுற்ற நிலையிலோ மகப்பேற்றின்போதோ இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடும் வழக்கம் தமிழகத்தில் பரவலாக இருந்தது. இறக்கிவைக்கப்படாத சுமையோடு அவள் இறந்தாள். பிறர் சுமையை இறக்க இடம் தருவதால் அவள் ஆறுதல் பெறுவாள் என்பது நம்பிக்கை. சில கற்களில் இறந்தவர் பெயரும் நட்டவர் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. கேரளத்தில் இது அத்தாணி எனவும் சுமடுதாங்கி எனவும் வழங்கும். யாழ்ப்பாணத்தில் மடம், கேணி, ஆவுரஞ்சிக்கல் ஆகியவற்றோடு சுமைதாங்கியும் வழிநடைத் தருமமாகச் செய்யப்பட்டது. கால்நடை உடல் உராய ஒரு கல், மனிதர் சுமை இறக்க ஒரு கல், இரண்டும் அருந்த ஒரு நீர்நிலை என்னும் அமைப்பு, உழைக்கும் உடல்களின் களைப்பை ஊர் தன் பொறுப்பாக ஏற்றதைக் காட்டுகிறது.

ஆயினும் இதனை மிகைப்படுத்தலாகாது. சுமைதாங்கி சுமையினின்று விடுதலை தருவதில்லை. சில மணித்துளி ஓய்வுக்குப் பின் மீண்டும் சுமப்பதற்கே அது உதவியது. கழுத்து முற்றும் தேய்ந்தவருக்கு அதனிடம் வழியில்லை. எனினும் சுமப்பவரை முதன்மையாக எண்ணி, அவர் உயரத்தை அளவாகக் கொண்டு எழுப்பப்பட்ட பொதுக்கட்டுமானம் அது என்பது கருதத்தக்கது. அடுத்து நோக்கவிருக்கும் மலைவாழிடத்தில் இவ்வளவு இல்லை.

3. இடும்பன்: இறக்கிவைத்த சுமை

பழநித் தலத் தொன்மம் ஒரு சுமையாளின் ஓய்விலிருந்து தொடங்குகிறது. அகத்தியரின் ஆணைப்படி சிவகிரி, சத்திகிரி என்னும் இரு குன்றுகளைக் காவாகக் கட்டித் தோளில் தூக்கித் தென்திசை நோக்கி வந்தான் இடும்பன். திருவாவினன்குடி அருகே களைப்பாற அவற்றை இறக்கிவைத்தான். மீண்டும் தூக்க முயன்றபோது ஒரு குன்று அசையவில்லை. அதன்மேல் நின்ற சிறுவனோடு பொருது வீழ்ந்தான். பின் உயிர்பெற்றுக் காவலன் ஆனான். காவடி எடுத்து வருவோருக்கு முருகன் அருள வேண்டும் என்பது அவன் பெற்ற வரம். இன்றும் இடும்பனை வணங்கிய பின்னரே முருகனை வணங்கும் வழக்கம் அடியாரிடையே உள்ளது.

காவுதல் என்பது தோளில் சுமத்தல். காவடி என்னும் சொல் அவ்வினையோடு தொடர்புடையது. தண்டின் இரு முனைகளிலும் எடையைச் சமமாகப் பகிர்ந்து தோளில் தாங்குவதால், தலைச்சுமையைப் போலக் கழுத்தின்மேல் அது நேராக அழுந்துவதில்லை. தோளை மாற்றிக்கொள்ளவும் இயலும். தொழிற்கருவியான காவடி வழிபாட்டுக் கருவியாக மாறியது. நோய் தீர வேண்டிக்கொண்டோர், தீர்ந்தபின் அத்தண்டைச் சுமந்து மலையேறுவதைத் தம் நேர்த்தியாகக் கொண்டனர். போகர் செய்ததாகக் கூறப்படும் நவபாடாணத் திருமேனி பற்றிய நம்பிக்கையும், அதன்மேல் ஆட்டிய பொருள்களை மருந்தாகக் கொள்ளும் வழக்கமும் பழநியை நோய்தீர்க்கும் தலமாக நிலைநிறுத்தின. தைப்பூசத்திற்கு நகரத்தார் செட்டிநாட்டிலிருந்து காவடியோடு நடந்துவரும் வழியில், தங்கலும் உணவும் மரபாகவே முறைப்படுத்தப்பட்டுள்ளன.

பழநி வழக்கில் தேறியவர் தாமே சுமக்கிறார். வேண்டுதலின் அளவும் சுமையின் அளவும் அவரே வரித்துக்கொண்டவை. நிலமுடையவரும் கூலியாளும் அந்நாள் வரை ஒரே தண்டைத் தோளில் ஏற்பர். நாள்தோறும் சுமப்பவருக்கு இது எவ்வாறு பொருள்படும் என்பது தனியே ஆராயத்தக்கது. எனினும் சுமத்தல் இழிவானதன்று என்னும் மதிப்பீட்டை இத்தலம் நிலைநிறுத்தியதை மறுப்பதற்கில்லை.

4. சுமக்கப்பட்டோரின் மலை

1821-இல் பி. எஸ். வார்டு பழநி மலைத்தொடரை நில அளவை செய்தார். அப்போதே அம்மலைகளில் பளியர், புலையர், குன்னுவர் முதலியோர் வாழ்ந்துவந்தனர். தாண்டிக்குடி முதலிய இடங்களில் உள்ள கற்திட்டைகள் அங்கு மனித வாழ்வின் தொன்மையைக் காட்டுகின்றன. ஆகவே கோடைக்கானல் வெற்றிடத்தில் 'கண்டுபிடிக்கப்பட்ட' ஊர் என்னும் வழக்கமான வருணனை பொருந்தாது.

1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்கச் சமயத்தொண்டர்கள் மதுரையில் தம் பணியகத்தை நிறுவினர். காய்ச்சலும் வாந்திபேதியும் அவர்களுள் பலரையும் அவர்தம் குழந்தைகளையும் பலிகொண்டன. உடல்தேற முதலில் சிறுமலையை நாடினர். அங்கும் காய்ச்சல் தொடர்ந்தது. பின்னர் 1845-இல் பழநி மலைத்தொடரின் மேற்பரப்பில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் முதலிரு வீடுகளைக் கட்டினர். கொசுவுக்கும் மலேரியாவுக்குமான தொடர்பு 1897-இல் ரொனால்டு ராசால் நிறுவப்படும் வரை, தாழ்நிலத்துக் கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்பது பொதுவான கருத்து. உயரத்தின் குளிர் கொசுப்பெருக்கத்தைத் தடுத்தமையால், காரணம் தவறாயினும் பயன் மெய்யாயிற்று. ஏசுசபையாரும் தம் நோயுற்ற குருமாருக்கு இங்கு ஓய்வில்லம் அமைத்தனர். 1863-இல் வியர் ஹென்றி லெவிஞ்சு ஏரியை உருவாக்கினார். 1899-இல் சூரிய ஆய்வகமும், 1901-இல் சமயத்தொண்டர் குழந்தைகளுக்கான பள்ளியும் தோன்றின. தேறுவோரின் குடியிருப்பு நகரமாயிற்று.

இந்நகருக்கு நோயாளிகள் வந்தது எவ்வாறு? 1875-இல் தொடர்வண்டிப் பாதை வந்தபின் பயணிகள் அம்மையநாயக்கனூரில் இறங்கினர். அந்நிலையமே பின்னர்க் கோடைக்கானல் ரோடு எனப் பெயர்பெற்றது. அங்கிருந்து மாட்டுவண்டியில் ஏறத்தாழ 33 மைல் சென்று மலையடிவாரத்துக் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பை அடைந்தனர். அதற்குமேல் ஏறத்தாழ 12 மைல் செங்குத்தான ஒற்றையடிப் பாதை. வலியோர் நடந்தோ குதிரையிலோ ஏறினர். நோயுற்றோரையும் பெண்களையும் குழந்தைகளையும் நாற்காலியிலும் டோலியிலும் வைத்து ஆட்கள் தோளில் தூக்கிச் சென்றனர். பெட்டிகள், படுக்கைகள், பாத்திரங்கள், கண்ணாடிச் சாளரங்கள் என ஒரு நகரம் உருவாகத் தேவையான யாவும் மனிதர் தலையிலும் தோளிலும் எருது, குதிரைகளின் முதுகிலும் ஏறின. 1870-களில் மேஜர் லா தொடங்கிய மலைச்சாலை, 20-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில்தான் மோட்டார் ஊர்திகளுக்குப் பயன்பட்டது. ஆக, முதல் வீடு எழுந்தது முதல் ஊர்தி ஏறும் வரை ஏறத்தாழ எழுபது ஆண்டுகள், கோடைக்கானலின் நலவாழ்வு சுமையாட்களின் கழுத்தையும் தோளையும் நம்பியிருந்தது.

அச்சுமையாட்களைப் பற்றிய பதிவின் தன்மை நோக்கத்தக்கது. குடியேற்றக்கால மலைவாழிட வழிகாட்டிகளில் சுமையாளுக்கான கூலி வீதமும், ஓராள் தூக்கும் அளவும் இடம்பெறுவது வழக்கம். ஆளின் பெயர் இடம்பெறுவதில்லை. நோயாளியின் காய்ச்சல் தணிந்த நாள் நாட்குறிப்பில் எழுதப்பட்டது. அவரைத் தூக்கியவரின் தோள்வீக்கம் தணிந்த நாள் எங்கும் எழுதப்படவில்லை. பழைய பாதையைக் 'கூலிப் பாதை' என்னும் பொருள்தரும் ஆங்கிலப் பெயராலேயே மலையேறுவோர் இன்றும் சுட்டுகின்றனர். சுமந்தவர்களுக்கு அவ்வூர் வரைபடத்தில் எஞ்சிய அடையாளம் அவ்வொரு சொல்லே.

சுமைதாங்கி சுமப்பவருக்கு ஓய்வளித்தது. மலைவாழிடம் சுமக்கப்பட்டவருக்கு ஓய்வளித்தது. முதலாவதன் கால அளவு மணித்துளி. இரண்டாவதன் கால அளவு மாதங்கள். சமயத்தொண்டர்களின் துயரம் பொய்யன்று. குழந்தைகளைப் புதைத்த பெற்றோர் குளிர்ந்த இடத்தைத் தேடியதைக் குறைகூற இயலாது. ஆனால் ஓருடல் தேறுவதற்கு அண்டையுடல்கள் தேய்ந்தன என்பதும் அதே வரலாற்றின் பகுதியாகப் பதிவுபெற வேண்டும்.

5. ஓய்விடக் கருத்தின் சரிவு

20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நல்ல காற்று, நல்லுணவு, நெடிய படுக்கை ஓய்வு என்பவை காசநோய்க்கு முதன்மை மருத்துவமாயின. மதனப்பள்ளி, தாம்பரம் ஆகிய இடங்களின் காசநோய் நலவாழ்வகங்கள் அக்கருத்தின் கட்டட வடிவங்கள். ஓய்வே மருந்து என்றால், ஓய்வுக்கு வசதியில்லாதவருக்கு மருந்தும் இல்லை என்பதே அதன் மறைபொருள்.

இந்நிலையை மாற்றிய ஆய்வு சென்னையில் நிகழ்ந்தது. 1956-இல் நிறுவப்பட்ட காசநோய் மருந்தாய்வு மையம், நுரையீரல் காசநோயாளிகளுள் ஒரு பிரிவினரை நலவாழ்வகத்திலும் மறுபிரிவினரை அவர்தம் வீடுகளிலும் வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்தது. வீட்டிலிருந்தோர் நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகள். குறைந்த உணவும் குறைந்த ஓய்வும் பெற்றவர்கள். எனினும் 1959-இல் வெளியான முடிவு, அவர்களும் நலவாழ்வகத்தினரை ஒட்டியே குணமடைந்ததைக் காட்டியது. உடன் வாழ்ந்தோருக்கு அதனால் கூடுதல் தொற்று ஏற்படவில்லை என்பதும் தெளிவாயிற்று.

முதுகெலும்புக் காசநோயிலும் இவ்வழியே ஆய்வு நடந்தது. பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் கொரிய ஆய்வுகள், மருந்து சரியாகத் தரப்படுமாயின் ஆறு மாதப் படுக்கை ஓய்வோ மாவுக்கட்டுச் சட்டையோ கூடுதல் பயன் தரவில்லை எனக் காட்டின. சென்னையில் 1970-களில் தொடங்கிய ஆய்வு, எலும்பிணைப்பு அறுவையோடு ஆறு மாத மருந்து, நடமாட்டத்தோடு ஆறு மாத மருந்து, நடமாட்டத்தோடு ஒன்பது மாத மருந்து என மூன்று முறைகளை ஒப்பிட்டது. பக்கவாதம் இல்லாத, நெஞ்சு மற்றும் இடுப்புப் பகுதி நோயாளிகளே பெரும்பாலும் இதில் இடம்பெற்றனர். 1999-இல் வெளியான பத்தாண்டு முடிவின்படி, முறையே 90, 94, 99 விழுக்காட்டினர் நன்னிலையில் இருந்தனர். எந்த நோய்க்காக எலும்பிணைப்பு பரவியதோ, அந்நோயின் பெரும்பகுதிக்கு அது தேவையற்றதாயிற்று.

இதே காலத்தில் ஓய்வுக்கு மாற்றாகப் பயிற்சி என்னும் கருத்தும் தமிழகத்தில் வேரூன்றியது. 1954-இல் சாலை விபத்தில் தண்டுவடம் சிதைந்து கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின் அயல்நாடுகளில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று, 1960-களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அதற்கான துறையையும் நிலையத்தையும் வளர்த்தெடுத்தார். தேறுதல் என்பது படுத்திருத்தலன்று, வாழ்வுக்குத் திரும்பப் பழகுதல் என்னும் கொள்கை அவ்வழி நிலைபெற்றது.

இம்மூன்று மாற்றங்களும் ஏழைகளுக்கு நன்மையே. மலைக்குப் போக இயலாதவரும் தேறலாம் என அவை மெய்ப்பித்தன. ஆயினும் தேய்ந்த கழுத்துக்கு இம்முடிவுகள் முழுதும் பொருந்தா. காசநோய்க் கிருமியை மருந்து கொல்லும், நோயாளி நடமாடலாம். இணைக்கப்பட்ட கழுத்தெலும்பு கூடுவதற்கோ விரைவுபடுத்தும் மாத்திரை இல்லை. நடக்கலாம், நடக்கவும் வேண்டும், மூட்டை தூக்கலாகாது. மூட்டை தூக்குவதே பிழைப்பாக உள்ளவருக்கு, நடமாடும் ஓய்வும் வேலையிழப்பே.

6. சட்டமும் சந்தையும்

சுமை பற்றிய சட்டங்கள் இல்லாமலில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், காயம் விளைவிக்கத்தக்க எடையைத் தொழிலாளர் தூக்குவதைத் தடைசெய்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் வயதுவந்த ஆண் தூக்கும் எடை 55 கிலோகிராமுக்கு மிகலாகாது எனப் பரிந்துரைத்தது. கேரளம் 1978-இல் தலைச்சுமைத் தொழிலாளர் சட்டத்தையும், தமிழ்நாடு 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தையும் இயற்றின. ஆனால் மலைப்பாதை தொழிற்சாலையன்று. விறகுக் கட்டு தூக்கும் பெண்ணுக்கு வேலையளிப்பவர் என ஒருவர் இல்லை.

மருத்துவச் செலவைப் பொறுத்தவரை 2009 முதல் தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டங்கள் ஏழைகளுக்கு அறுவையை எட்டச் செய்துள்ளன. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வீட்டுக்கே இயன்முறைப் பயிற்சியைக் கொண்டுவருகிறது. இவை பெரும் முன்னேற்றங்கள். எனினும் காப்பீடு மருத்துவமனைக் கட்டணத்தை ஏற்கிறது. தேறும் மாதங்களின் கூலியை ஏற்பதில்லை. தொழிலாளர் அரசுக் காப்பீடு, நோய்க்கால உதவியாக 91 நாள்கள் வரை கூலியில் 70 விழுக்காட்டைத் தருகிறது. சந்தையில் நாட்கூலிக்குச் சுமப்பவர் அதன் வரம்புக்கு வெளியே நிற்கிறார்.

சாலை என்னும் அடிப்படை வசதியிலும் இவ்வேற்றத்தாழ்வு தொடர்கிறது. கோடைக்கானலுக்கும் பெரியகுளத்திற்கும் இடையிலான பழைய நடைவழியில் உள்ள வெள்ளகவி, அண்மைக்காலம் வரை ஊர்திச் சாலையின்றி இருந்த ஊர். அங்கு நோயுற்றோரை ஊரார் டோலி கட்டித் தூக்கிவர வேண்டியிருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் டோலி நோயாளியை மலைமேல் நலவாழ்வுக்கு ஏற்றியது. 21-ஆம் நூற்றாண்டில் அது மலைவாழ்நரை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றது. திசை மாறியது, தூக்குபவரும் மாறினர். வெள்ளகவியில் தூக்கியவர்கள் கூலிக்குத் தூக்கவில்லை. இன்று தூக்கியவரை நாளை பிறர் தூக்குவர் என்பதே அங்குள்ள ஒப்பந்தம்.

இதே ஒப்பந்தத்தை இக்கட்டுரையாளர் சந்தையிலும் கண்டார். சுமையாட்கள் குழுவாக உழைத்து, நாள் முடிவில் கூலியைப் பங்கிட்டுக்கொள்வர். தந்தையின் குழுவில் இருந்த பதினொருவர், அவர் வராத மூன்று மாதங்களும் அவர் பங்கில் பாதியை நாள்தோறும் ஒதுக்கிவைத்து வாரந்தோறும் வீட்டுக்கு அனுப்பினர். அதற்காக ஒவ்வொருவரும் கூடுதலாகச் சில மூட்டைகள் சுமந்தனர். அவர்களுள் இருவருக்கு ஏற்கெனவே கை மரத்துப்போகும் குறி இருந்தது. சட்டமும் காப்பீடும் விட்ட இடத்தைத் தேய்ந்துகொண்டிருக்கும் வேறு கழுத்துகளே நிரப்பின. இதனைத் தொழிலாளர் ஒற்றுமை எனப் பாராட்டுவது எளிது. அவ்வொற்றுமையின் விலையை அவர்களே செலுத்துகின்றனர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படுவன பின்வருமாறு. முதலாவதாக, ஓய்வு என்பது இடஞ்சார்ந்த பொருளாகவும் பண்டமாகவும் கருதப்படுவதற்கு முன்பே, சுமப்பவருக்கான பொதுக்கடமையாகத் தமிழ்நிலத்தில் அறியப்பட்டிருந்தது. சுமைதாங்கி அதற்குச் சான்று. இரண்டாவதாக, கோடைக்கானலின் நலவாழ்வு வரலாற்றைச் சுமைகூலியின் வரலாற்றினின்று பிரித்து எழுத இயலாது. மூன்றாவதாக, சென்னை ஆய்வுகள் ஓய்விடத்தின் தேவையைப் பெரிதும் நீக்கினும், சுமை தூக்கலாகாத மாதங்களுக்கு யார் பொறுப்பு என்னும் வினாவை அவை தொடவில்லை. அது மருத்துவ ஆய்வால் மட்டும் விடைபெறும் வினாவும் அன்று.

மலைவாழிடங்கள் பற்றிய தமிழ் ஆய்வுகள் கட்டடங்கள், தாவரங்கள், ஆட்சியாளர்கள் ஆகியவற்றைத் தாண்டி, சுமந்தவர்களின் உடல்நிலையைத் தேட வேண்டும். கூலிக் கணக்குகள், மருத்துவமனைப் பதிவேடுகள், அடிவார ஊர்களின் வாய்மொழி வழக்காறுகள் ஆகியன அதற்கான மூலங்களாகலாம். அடிவார வழிகளில் எஞ்சியுள்ள சுமைதாங்கிகள் சாலை விரிவாக்கத்தில் அழியுமுன் அவற்றைக் கணக்கெடுப்பதும் உடனடித் தேவையாகும்.

இக்கட்டுரையாளரின் தந்தைக்கு இணைப்பு நன்கு கூடிவிட்டது. அவர் மீண்டும் சந்தைக்குச் செல்கிறார்; மூட்டை தூக்குவதில்லை. பிறர் தலைக்கு மூட்டை ஏற்றிவிடாமல், எடைமேடையருகே நின்று கணக்குச் சொல்கிறார். அவருக்குரிய பங்கு இப்போதும் பாதியே.